சினிமாப் பாட்டில் பழகிய காதுக்கு முழு ஆல்பம்: எதில் தொடங்கலாம், எப்படிக் கேட்கலாம்?

ஜெலுத்தோங் காது (கேள்வி)

வணக்கம். இளையராஜா, ரஹ்மான் பாட்டில் ஊறிய காது என்னுடையது. கர்நாடக இசையும் ஓரளவு பழக்கம். ராகம் பிடிபடும், தாளம் போட வரும். ஆனால் கேட்டதெல்லாம் ஒற்றைப் பாட்டாகத்தான். இனி ஒரு ஆல்பத்தை எடுத்தால், அதை உருவாக்கியவர் அடுக்கிய வரிசையிலேயே, இடையில் எழுந்திருக்காமல் கேட்க வேண்டும் என்று ஆசை. ஜாஸ், ராக், மேற்கத்திய செவ்வியல், இந்துஸ்தானி, நம் நாட்டுப் பாட்டு எதுவானாலும் சரி.

‘தலைசிறந்த நூறு’ மாதிரியான பட்டியல் வேண்டாம். உங்கள் மனதுக்கு நெருக்கமான ஒன்றிரண்டைச் சொல்லுங்கள். அதில் எதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவது என்றும் சொல்லுங்கள். அதுதான் எனக்கு வேண்டியது.

கருவி பற்றியும் ஒரு சந்தேகம். ஜப்பானிலிருந்து வந்த பழைய பெல்ட் டர்ன்டேபிள் (இசைத்தட்டு சுழற்றும் கருவி) ஒன்று இருக்கிறது, பின்பக்கம் 100 வோல்ட் என்று போட்டிருக்கிறது. இங்கே பினாங்கில் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் எடுத்த தட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சணம். ஒரு பெட்டி நிறைய கேசட்டும் உண்டு. எதை முதலில் சரி செய்வது?

செந்தூல் ரசிகர்

இளையராஜாவிலிருந்தே கிளம்புங்கள். 1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்?’ சினிமாவுக்காகச் செய்தது அல்ல. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாகுக்கும் (Bach) காணிக்கையாக அவர் செய்த கருவியிசை ஆல்பம். வயலின் வி. எஸ். நரசிம்மன். உங்கள் காதுக்கு அந்த ஒலி ஏற்கெனவே தெரியும், எண்பதுகளின் பாட்டுகளுக்கு நடுவே வரும் அந்தத் தந்தி வரிசைகள்தான். படத்தில் 20 விநாடியில் முடிந்துபோகும் ஒரு எண்ணத்துக்கு இங்கே முழு இடம் கிடைத்திருக்கிறது.

அதில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். பாகின் மூன்றாவது தனி வயலின் பார்ட்டிடாவின் (பல பகுதிகள் கொண்ட இசைக்கோவை) முன்னுரைப் பகுதி, ஈ மேஜரில், உள்ளே வருகிறது. முதலில் மூலத்தைத் தனி வயலினில் கேட்டுவிடுங்கள், நாலு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிறகு ராஜாவுக்குத் திரும்பினால் எந்த இடத்தில் பாக் பேசுகிறார், எந்த இடத்தில் இவர் பதில் சொல்கிறார் என்று தெளிவாகப் பிரியும். மூலம் தெரியாமல் கேட்டால் இரண்டும் கலந்து வெறும் வேகமான வயலினாகவே காதில் விழும். என்னைக் கேட்டால், தமிழ்க் காது மேற்கத்திய செவ்வியலுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் கிடையாது.

அடுத்தது 1988இன் ‘நத்திங் பட் விண்ட்’. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், கூடவே பெரிய ஆர்கெஸ்ட்ரா. இதை போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பன்சூரியின் கீழ் ஸ்தாயியும் செல்லோவும் ஒரே உயரத்தில் போகும் இடங்கள் சின்ன ஸ்பீக்கரில் காணாமலே போய்விடும். ஆர்கெஸ்ட்ரா நேரில் எப்படி ஒலிக்கும் என்று காதுக்குத் தெரிய வேண்டுமானால், கோலாலம்பூர் வரும்போது இரட்டைக் கோபுரத்தின் அடியிலுள்ள பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கில் ஒரு கச்சேரி கேளுங்கள். தந்திகள் இடமிருந்து வலமாகப் பரவி உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், வீட்டில் இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே அதே படம் விரியும்.

ஜாஸுக்கு மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, 1959. இதை எல்லாரும்தான் சொல்வார்கள், ஆனால் கர்நாடக இசை தெரிந்தவருக்கு இதில் ஒரு தனி வழி இருக்கிறது. முதல் உருப்படி ‘ஸோ வாட்’ டோரியன் என்ற அளவுகோலில் நிற்கிறது. அந்த ஸ்வரங்கள் அப்படியே கரஹரப்பிரியாவின் ஸ்வரங்கள். டி-யை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று 32 பார், பாருக்கு 4 அடி. நீங்கள் ஆதி தாளம் போட்டால் 16 ஆவர்த்தனம். முதல் 8 ஆவர்த்தனம் டி-யில். அடுத்த 4 ஆவர்த்தனம் ஸட்ஜம் அரை ஸ்வரம் ஏறி ஈ பிளாட்டுக்குப் போகும். கடைசி 4 மீண்டும் டி. கையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். அந்த ஏற்றமும் இறக்கமும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வரும். அது பிடிபட்ட பிறகு ‘ஜாஸில் என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை’ என்ற பேச்சே எழாது. கமகம் இல்லாததால் ராகம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரே ஸ்வரக் கூட்டத்துக்குள் நின்று கற்பனை விரிவதை ரசிக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாம் பக்கத்தின் ‘ஆல் ப்ளூஸ்’ பெரும்பாலும் ஹரிகாம்போஜியின் ஸ்வரங்களில் போகும். கடைசி உருப்படி ‘ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்’ ஐந்து அளவுகோல்களைக் கடந்து போகிறது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் நிற்பது என்பது வாசிப்பவர் விருப்பம். ஆலாபனை கேட்டவருக்கு இந்த இடம் வீடு மாதிரி.

ஒரு எச்சரிக்கை. 1959 மார்ச் 2 அன்று நடந்த பதிவில் ஒரு டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் பல பத்தாண்டுகளாக விற்ற தட்டுகளில் சற்று வேகமாகவும் மேல் சுருதியிலும் ஒலித்தன. தொண்ணூறுகளின் மறுபதிப்புகளில்தான் இது சரியானது. சுருதிப் பெட்டியை டி-யில் வைத்துக்கொண்டு பழைய பதிப்பைக் கேட்டால் உரசும். உங்கள் காதில் குறையில்லை. ஏப்ரல் 22இல் பதிவான இரண்டாம் பக்கத்தில் இந்தச் சிக்கல் கிடையாது.

ஊசிமுனை

கருவி விஷயத்தை நான் சொல்கிறேன். இதைச் சரி செய்யாமல் கரஹரப்பிரியா தேடிப் பயனில்லை.

முதலில் மின்சாரம். 100 வோல்ட் கருவியை நம் சுவர் பிளக்கில் நேராகச் செருகினால் அன்றோடு அதன் கதை முடிந்தது. டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். கடையில் ‘220க்கு 110’ என்று கொடுப்பது வரும் மின்னழுத்தத்தைப் பாதியாக்கும் பெட்டி. நம் வீட்டில் 240 வந்தால் வெளியே 120. நூறுக்குச் செய்த மோட்டாருக்கு அது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். மோட்டார் சூடாகும், உறுமும். வெளியே 100 வோல்ட் என்று எழுதியிருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் மல்டிமீட்டரை வைத்து அளந்துவிட்டுத்தான் டர்ன்டேபிளைச் செருக வேண்டும்.

அடுத்தது வேகம். ஜப்பானில் பாதி நாடு 50 ஹெர்ட்ஸ், பாதி 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 50. பழைய பெல்ட் டர்ன்டேபிள்களில் ஏசி மோட்டார் இருந்தால் அதன் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60க்கான புல்லி (மோட்டாரில் பெல்ட் ஓடும் சின்னச் சக்கரம்) மாட்டியிருந்தால் 33⅓ சுற்று வேண்டிய இடத்தில் 27.8 சுற்றுதான் வரும், சுருதி மூன்று அரை ஸ்வரம் இறங்கிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. சோதிப்பது எளிது. தட்டின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டு ஒட்டி, ஊசியை இறக்கிய நிலையில் மூன்று நிமிடம் எண்ணுங்கள். சரியாக 100 சுற்று வர வேண்டும். 83, 84 வந்தால் புல்லிதான் காரணம், அந்த மாடலுக்கான 50 ஹெர்ட்ஸ் புல்லி மாற்ற வேண்டும். 97, 98 வந்தால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது தண்டில் எண்ணெய் வறண்டிருக்கலாம். டிசி மோட்டார், குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ் வகைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது ஊசி. பழைய கருவியோடு வந்த ஊசியை நம்பக் கூடாது, எத்தனை மணி நேரம் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. தேய்ந்த ஊசி நல்ல தட்டின் பள்ளத்தைச் சுரண்டிவிடும், அதைத் திரும்பச் சரி செய்யவே முடியாது. ஆடியோ டெக்னிகாவின் விஎம்95ஈ மாதிரி ஒரு கார்ட்ரிட்ஜை (ஊசி பொருந்திய தலைப்பகுதி) போடுங்கள். அதற்கு எடை 1.8 முதல் 2.2 கிராம் வரை, 2.0இல் வைத்தால் போதும். டோன் ஆர்மிலுள்ள (ஊசியைத் தாங்கும் கை) எண்ணை நம்பாமல் சின்ன டிஜிட்டல் தராசில் அளந்து பாருங்கள். எடை குறைவாக வைத்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. எடை போதாத ஊசி பள்ளத்துக்குள் துள்ளும், துள்ளும்போது சுவரில் இடிக்கும். அதிக எடையைவிடச் சேதம் இதில்தான்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் மட்டும் ‘ஸ’, ‘ச’ சீறினால் பயப்பட வேண்டாம். தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் விநாடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது. உள்ளே போகப் போக அது 21 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கும். கார்ட்ரிட்ஜின் கோணத்தை அளவுத்தாள் வைத்துச் சரிப்படுத்தினால் பெரும்பகுதி சீறல் போய்விடும்.

இனி பூஞ்சணம். முதலில் எந்த வகைத் தட்டு என்று பாருங்கள். கனமாக, தட்டினால் ஓடு மாதிரி ஒலித்து, லேபிளில் 78 என்றிருந்தால் அது ஷெல்லாக். அதில் ஆல்கஹால் படவே கூடாது, கரைந்துவிடும். வினைல் எல்பிக்கு இந்தக் கலவை: காய்ச்சி வடித்த நீர் 4 பங்கு, 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் 1 பங்கு, லிட்டருக்கு இரண்டு சொட்டு வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, உலர்ந்த பிரஷால் முதலில் பூஞ்சணத்தைத் தட்டிவிடுங்கள். பிறகு லேபிளில் ஈரம் படாமல், பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்க்கக் கூடாது. ஒரு நிமிடம் ஊறவிட்டு, வெறும் காய்ச்சி வடித்த நீரில் இருமுறை அலசி, பாத்திரம் காயவைக்கும் தட்டியில் நிற்கவைத்துக் காயவிடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்பு படியும், அது டிக் டிக் என்று கேட்கும்.

கழுவிய தட்டைப் பழைய காகித உறையிலேயே திரும்பப் போட்டால் செய்ததெல்லாம் வீண். பூஞ்சணம் குடியிருப்பதே காகிதத்தில்தான். புதிய பாலித்தீன் உள்ளுறை போடுங்கள். பினாங்குக் காற்றில் ஈரப்பதம் எப்போதும் அதிகம், 65 விழுக்காட்டைத் தாண்டினாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். மூடிய அலமாரி, உள்ளே ஈரப்பதமானி, சிலிக்கா ஜெல். ஜெல் நிறம் மாறியதும் அடுப்பில் சூடாக்கித் திரும்ப வைக்கலாம். கடலைப் பார்த்த சுவரோடு ஒட்டி அலமாரி வைக்காதீர்கள்.

தாளக்காரர்

செந்தூல்காரர் சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. ராகம் பிடிபடும், தாளமும் போட வரும் என்றால் ஜாஸுக்குள் தாளத்தின் வழியாகப் போவதுதான் சீக்கிரம். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ அமைதியான ஆல்பம், புதியவர் அதைப் பின்னணி இசையாக விட்டுவிடும் ஆபத்து உண்டு. அதே 1959இல் வந்த டேவ் புரூபெக்கின் ‘டைம் அவுட்’ அப்படி விடாது, கையைத் தொடையில் வைக்க வைக்கும்.

முதல் உருப்படி ‘ப்ளூ ரோண்டோ’ 9 எண்ணிக்கை. ஆனால் மும்மூன்றாக அல்ல: தக தக தக தகிட. இதை மூன்று முறை வாசித்து, நான்காவது முறை மட்டும் தகிட தகிட தகிட. மூன்று தடவை ஒரு பங்கீடு, நான்காவதில் வேறு பங்கீடு, மொத்தம் 36. ஒரு மிருதங்க வித்வானிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், உடனே சிரிப்பார். ‘டேக் ஃபைவ்’ ஐந்தெண்ணிக்கை. நம் கண்ட சாபு தக தகிட, இங்கே மாற்றிப் போட்டு தகிட தக. பியானோ முழுப் பாட்டிலும் அந்த ஐந்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, அதன்மேல் டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் நடக்கும். பியானோவைக் காதில் பிடித்துக்கொண்டால் டிரம்ஸ் எங்கே விலகி எங்கே சேர்கிறது என்று தெரியும்.

ராக் பக்கம் பிங்க் ஃபிலாய்டின் 1973 ஆல்பம் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’. ‘மணி’ பாட்டு ஏழெண்ணிக்கை. சாக்சஃபோன் தனி வரை ஏழுதான். கிதார் தனி தொடங்கியதும் நான்குக்கு மாறும், அப்போது ஏன் திடீரென்று ஓட்டம் பிடிக்கிறது என்பதற்கு அதுவே விளக்கம். பிறகு மறுபடி ஏழு. முதல் பக்கத்தின் கடைசியில் கிளேர் டோரி சொல்லே இல்லாமல் பாடுகிறார், அழுகையும் ஆவேசமும் அடங்கலும் வெறும் அகாரத்தில். இந்த ஆல்பத்தின் உச்சம் எனக்கு அதுதான். பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து போவதால் செயலியில் கேட்பவர்கள் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: இடைவெளியில்லாமல் இசைக்கும் அமைப்பு இயங்க வேண்டும், கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டு மங்க மங்க அடுத்தது எழும் அமைப்பு) 0 விநாடியில் இருக்க வேண்டும், ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியை அணைத்துவிட வேண்டும். கடைசியதை அணைக்காவிட்டால் மெதுவாகத் தொடங்கும் அந்த இதயத் துடிப்புக்கும் பின்னால் வரும் அலறலுக்கும் உள்ள தூரம் குறைந்துவிடலாம்.

கடைசியாக சக்தி குழுவின் ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’, 1976. ஜான் மெக்லாலின் கிதார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். தொடக்கத்திலேயே கொன்னக்கோல், வாயால் சொல்லும் தாளச் சொற்கட்டு. மெக்லாலினின் கிதாரில் சுருதிக்கு அதிரும் துணைத் தந்திகள் குறுக்கே போட்டிருந்தன, விரல்பலகையைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தார்கள். வீணையில் போல தந்தியை அழுத்தி கமகம் எடுக்கவே அந்தப் பள்ளம். கிதாரில் அசைவு எப்படி வருகிறது என்று யோசித்தவர்களுக்கு விடை அதுதான்.

ஜெலுத்தோங் காது

எல்லாருக்கும் மிக்க நன்றி. மூன்று நிமிடத்தில் 84 சுற்று வந்தது, ஆக புல்லிதான். அது வரும்வரை சிடியும் செயலியும். ‘ஸோ வாட்’டில் அந்த ஏற்றம் ஒன்பதாவது ஆவர்த்தனத்தில் சொல்லி வைத்தாற்போல் வருகிறது, அற்புதம்!

மலாய் ஆல்பம் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே. கேசட் பெட்டியும் காத்திருக்கிறது. சந்தையில் தட்டு எடுக்கும்போது என்ன பார்த்து எடுப்பது?

பாயான் லெப்பாஸ்

மலாய்க்கு ஷீலா மஜித்தின் ‘லெகெண்டா’, 1990. மலாய்த் திரையின் நடிகரும் பாடகருமான பி. ரம்லீக்குச் செய்த காணிக்கை. பி. ரம்லீ நம் ஜோர்ஜ்டவுனில் 1929இல் பிறந்தவர், அவர் பெயரிலுள்ள சாலையில் அவர் வீடு நினைவில்லமாக இருக்கிறது. அவருடைய மெட்டுகளை ஜாஸ், சோல் இசைக்கோப்போடு ஷீலா பாடும்போது, நாம் கறுப்பு வெள்ளைப் படத்தில் கேட்டுக் கடந்துபோன மெட்டின் எலும்பு எவ்வளவு உறுதியானது என்று தெரிகிறது. மூலப் பாட்டையும் இதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மெட்டு அப்படியே இருக்க, அடியில் போகும் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகள்) மட்டும் எப்படி வண்ணம் மாற்றுகின்றன என்பதில் கவனம் வையுங்கள். கைண்ட் ஆஃப் ப்ளூ கேட்ட காதுக்கு இது சுலபமாகப் பிடிபடும்.

ராக் வேண்டுமானால் சர்ச் (Search) குழுவின் 1989 ‘ஃபெனோமெனா’. ‘இசபெல்லா’ இதில்தான். அந்த ஒரு பாட்டோடு நிறுத்திவிடாமல் முழுவதும் கேளுங்கள். எண்பதுகளின் இறுதியில் நம் நாட்டு ராக் கிதார் எந்த உயரத்தில் இருந்தது என்பதற்கு அது போதும். பினாங்கில் உருவான அலிகேட்ஸையும் விடக் கூடாது. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற இரு தமிழ்ச் சகோதரர்கள் பாடி, மலாய் மெல்லிசையின் முதல் வரிசையில் நின்ற குழு. அண்ணன் தம்பி இருவரின் குரலும் இணையும் இடங்களைக் காதில் வாங்குங்கள்.

தமிழ் ஹிப் ஹாப் ஆல்பம் ஒன்று கட்டாயம் இந்தப் பட்டியலில் வர வேண்டும்: யோகி பி & நட்சத்திராவின் ‘வல்லவன்’, 2006, கோலாலம்பூர். ‘மடை திறந்து’ 1980இல் ராஜா போட்ட மெட்டின்மேல் கட்டியது என்பது எல்லாருக்கும் தெரியும். என்னை அதில் கட்டிப்போடுவது எதுகை. தமிழில் எதுகை அடியின் முதலில் விழும், ராப்பில் இயைபு அடியின் கடைசியில் விழ வேண்டும். இவர்கள் இரண்டையும் ஒரே அடியில் வைக்கப் பார்க்கிறார்கள். வரிகளை எழுதி வைத்துக்கொண்டு நான்காவது அடி தாளத்தில் எந்தச் சொல் விழுகிறது என்று குறித்துப் பாருங்கள், வேலைப்பாடு தெரியும்.

சந்தை பற்றி: தட்டை வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியும் மெல்லிய கீறல் பெரும்பாலும் ஒலியில் வராது. நகத்தால் மெல்ல வருடும்போது தட்டுப்படுகிற கீறல் வரும், ஒவ்வொரு சுற்றுக்கும், அதாவது 1.8 விநாடிக்கு ஒரு டக். கழுவிய பிறகும் டக் 1.8 விநாடி இடைவெளியிலேயே வந்தால் அது கீறல், மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஒழுங்கில்லாமல் வந்தால் அழுக்கு, இன்னொரு முறை கழுவலாம். நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் கோடு கோடாகத் தேய்ந்திருந்தால் அதிகம் ஓடிய தட்டு. கண்மட்டத்தில் பிடித்து வளைவு பார்க்கவும். உறைக்குள் வேறு தட்டு இருப்பது சகஜம், லேபிளைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

மூன்றாம் காலம்

பாகை ராஜா வழியாகத் தொட்ட பிறகு நேராக பாகின் ‘கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்’, க்ளென் கூல்ட் பியானோ. அவர் இதை இரண்டு முறை பதிவு செய்திருக்கிறார்: 1955, 1981. முதலாவது 38 நிமிடம், இரண்டாவது 51. முதலாவதில் மறுமுறை வாசிக்க வேண்டிய பகுதிகளை விட்டுவிட்டார், வேகமும் அதிகம். இரண்டாவதில் எல்லா வேறுபாடுகளையும் (வேரியேஷன்) ஒரே நாடித்துடிப்பில் கோத்திருக்கிறார். எனக்கு 1981. இளமையில் வாசித்தது திறமையைக் காட்டுகிறது, பின்னது கட்டடத்தைக் காட்டுகிறது.

கேட்கும் வழி: முதலில் வரும் ஆரியாவின் (தொடக்க உருப்படி) மேல் மெட்டில் மயங்கிவிடாதீர்கள். இடது கை வாசிக்கும் கீழ் ஸ்வரங்களைப் பாடிப் பழகுங்கள். 30 வேறுபாடுகளும் அந்தக் கீழ் வரிசையின் மேல்தான் நிற்கின்றன, மேல் மெட்டின் மேல் அல்ல. 27ஆவது வரை ஒவ்வொரு மூன்றாவது வேறுபாடும் ஒரு கானன். ஒரு குரல் பாடியதை இன்னொரு குரல் சற்றுத் தள்ளித் தொடரும். 3ஆவதில் அதே ஸ்வரத்தில், 6ஆவதில் ஒரு ஸ்வரம் தள்ளி, 9ஆவதில் இரண்டு, இப்படியே விலகிக்கொண்டு போகும். 15, 21, 25 மூன்றும் மைனரில், 25ஆவதை இரவில் தனியாகக் கேட்கவும். கூல்ட் வாசிக்கும்போது முனகுவது பதிவில் கேட்கும், அது தட்டின் கோளாறு அல்ல.

இன்னொரு தகவல், பிடித்தவர்களுக்கு: கூல்டின் இரண்டு பதிவுகளும், ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வும், ‘டைம் அவுட்’டும் ஒரே அறையில் பதிவானவை. நியூயார்க்கின் 30ஆம் தெருவில் தேவாலயமாக இருந்த கட்டடத்தில் கொலம்பியா வைத்திருந்த ஸ்டூடியோ அது. உயரமான கூரை. டிரம்ஸின் சிம்பல் ஓயும் விதத்தில், பியானோவின் கடைசி ஸ்வரம் மங்கும் விதத்தில் அந்த அறை கேட்கும். நான்கையும் ஒரே வாரத்தில் கேட்டால் பழகிய முகம்போல அடையாளம் தெரியும்.

இந்துஸ்தானிக்கு ‘கால் ஆஃப் தி வேலி’, 1967. சிவ்குமார் சர்மா சந்தூர், பிரிஜ் பூஷண் காப்ரா கிதார், ஹரிபிரசாத் குழல். ஓர் இடையனின் ஒருநாள், விடியலின் ஆஹிர் பைரவிலிருந்து இரவின் பஹாடி வரை. வரிசையை மாற்றிப் போட்டால் பொருளே போய்விடும் ஆல்பம் இது. நீங்கள் கேட்ட ‘முழு ஆல்பம்’ என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

நாடாப்பெட்டி

கேசட்டுக்கு வருவோம். எதையும் ஓடவிடுவதற்கு முன் கண்ணாடிச் சன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் டெக்கில் (கேசட் ஓட்டும் கருவி) போடக் கூடாது. ஒரு பூஞ்சணக் கேசட் போதும், ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் பகுதி) ஒட்டி அடுத்தடுத்து வருகிற எல்லாவற்றுக்கும் பரவும். அவற்றைத் தனிப் பெட்டியில் சிலிக்கா ஜெலோடு சில வாரம் காயவிட்டு, வேண்டாத பழைய டெக் ஒன்றில் முன்னும் பின்னும் முழுதாகச் சுற்றி, நாடா ஓடும்போது உலர்ந்த மெல்லிய துணி உரசும்படி வைத்துத் துடைக்கலாம்.

அடுத்து, கேசட்டின் வாய்ப்பக்கம் நடுவில் செம்புத் தகட்டின் மேல் சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கும். நம் வெப்பத்தில் பசை விட்டு அது விழுந்துவிடும். விழுந்தால் நாடா ஹெட்டில் அழுந்தாது, ஒலி மங்கி அலையும். பலர் நாடாவே கெட்டுப்போனதென்று தூக்கி எறிவது இதனால்தான். ஐந்து திருகாணி போட்ட கூடு என்றால் கழற்றி, வேண்டாத கேசட்டிலிருந்து தகட்டோடு எடுத்து மாற்றிவிடலாம். ஒட்டிய கூடு என்றால் ஓரத்தில் பிளேடு வைத்துப் பிளந்து, சுருளை திருகாணிக் கூட்டுக்கு மாற்ற வேண்டும். சுருளைத் தூக்கும்போது இரண்டு கையாலும் தூக்குங்கள், நழுவினால் சுற்றி எடுப்பதற்குள் ஒரு மாலை போய்விடும்.

டெக்கில் ஹெட்டையும் உலோகத் தண்டையும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் தொட்டுத் துடைக்கவும், பழுப்பு நிறம் வராத வரை. ரப்பர் உருளைக்கு லேசாகச் சோப்பு கலந்த தண்ணீரே போதும், ஆல்கஹால் நாளடைவில் ரப்பரை இறுக்கிவிடும். பல வருடம் கிடந்த டெக் என்றால் உள்ளே பெல்ட் தார்போல் உருகியிருக்கும், அதைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே அளவு பெல்ட் போட வேண்டும்.

நல்ல டெக்கிலும் ஒரு கேசட் மட்டும் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்டால் அசிமுத் (ஹெட்டின் சாய்வுக் கோணம்) பொருந்தவில்லை. அந்த நாடா பதிவான இயந்திரத்தின் ஹெட் வேறு சாய்வில் இருந்திருக்கிறது. ஹெட்டின் பக்கத்திலுள்ள திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாக, பாட்டு ஓடும்போதே திருப்புங்கள். ஒலியை மோனோவில் வைத்துக் கேட்டால் சரியான இடம் வரும்போது ‘ஸ’ பளிச்சென்று திறக்கும். தொடக்க இடத்தை மார்க்கரில் குறித்து வைத்துக்கொண்டு, அந்தக் கேசட் முடிந்ததும் திருப்பிவிடுங்கள்.

கணினியில் ஏற்றும்போது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல். ஒரு பக்கத்தை முழுவதும் ஒரே கோப்பாக எடுத்துவிட்டு, பாட்டுகளைப் பிறகு வெட்டலாம். இன்னொன்று: ஆல்பங்களின் கேசட் பதிப்பில் இரண்டு பக்கமும் ஒரே நீளம் வருவதற்காகப் பாட்டு வரிசையை மாற்றிப் போடுவது உண்டு. உங்கள் பெட்டியில் ‘ஹவ் டு நேம் இட்?’ கேசட் இருந்தால், எல்பியின் பின்னட்டையிலுள்ள வரிசையோடு ஒப்பிட்டுவிட்டுக் கோப்புகளுக்கு எண் போடுங்கள். எந்த வரிசையில் பதிவானதோ அதையும் கோப்பின் பெயரில் குறித்து வையுங்கள்.